ஓட்டும்போது கண் இருண்டால்

2014 டிசம்பர் 22. கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் குயீன் தெருவில் பண்டிகைக் கூட்டம். மாநகராட்சியின் குப்பை லாரி ஒன்று திடீரென்று நடைபாதையில் ஏறி, ஆட்களை அடித்துத் தள்ளிக்கொண்டே ஓடி, ஜார்ஜ் சதுக்கத்தை ஒட்டிய ஹோட்டல் சுவரில் இடித்து நின்றது. 6 பேர் இறந்துபோனார்கள். பிரேக்கை மிதித்திருக்க வேண்டியவர் ஸ்டீயரிங் முன்னால் மயங்கிக் கிடந்தார்.

அடுத்த ஆண்டு நடந்த விசாரணையில் ஒரு பழைய கதை வெளியே வந்தது. அதே ஓட்டுநர் 2010இல் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். அப்போதும் ஓட்டுநர் இருக்கையிலேயே ஒருமுறை மயங்கியிருக்கிறார். பேருந்து நின்றுகொண்டிருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அதை அவர் மருத்துவர்களிடம் உள்ளது உள்ளபடி சொல்லவில்லை. ஓட்டுநர் உரிமத் துறைக்குத் தெரிவிக்கவில்லை. அடுத்த வேலைக்குப் போகும்போதும் மறைத்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்க முடியும் என்று விசாரணை நடத்திய நீதிபதி ஜான் பெக்கெட் தம் தீர்ப்பில் எழுதினார். ஓட்டுநருக்கு வந்தது ஏதோ அபூர்வ நோய் என்றால்கூட மனம் ஆறும். நரம்பு வழியாக இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சட்டென்று இறங்கும், மிகச் சாதாரணமான மயக்க வகைதான் அது. காலை அசெம்பிளியில் வெயிலில் நிற்கும் பிள்ளை சுருண்டு விழுவதும் இதே வகைதான்.

ஓட்டும்போது வந்த மயக்கத்துக்குக் காரணம் தேடும் வேலையில் பெரும்பகுதி, மயங்கியவரும் கூட இருந்தவரும் வாய் திறந்து சொல்வதில்தான் இருக்கிறது. நடந்ததைக் கேட்பது, உடம்பைப் பார்ப்பது, படுக்கவும் நிற்கவும் வைத்து பிரஷர் எடுப்பது, ஒரு ஈ.சி.ஜி. இவ்வளவிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் தெரிந்துவிடலாம். நம் ஊரில் நடப்பது நேர்மாறு. மயங்கினார் என்றதும் தலைக்கு ஸ்கேன் எடுக்க ஓடுகிறோம். தலையில் அடிபட்டிருந்தால், கை கால் இழுத்திருந்தால், பேச்சு குழறினால் அது தேவை. மற்றபடி வெறும் மயக்கத்துக்கு எடுக்கும் மூளை ஸ்கேனில் காரணம் கிடைப்பது அபூர்வம். பணம் போவது ஒரு பக்கம். ஸ்கேன் நார்மல் என்று வந்ததும், இனி ஒன்றுமில்லை என்று மறுநாளே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோமே, அதுதான் ஆபத்து.

மயக்கம் என்றால் என்ன? மூளை முழுவதற்கும் போகும் இரத்தம் சில நொடிகள் குறைந்துவிடுகிறது. 6 முதல் 8 நொடி வரை இரத்தம் போகாவிட்டாலே நினைவு தப்பிவிடும். ஆள் தரையில் விழுந்து உடம்பு கிடைமட்டமானதும் இரத்தம் மறுபடி தலைக்கு வருகிறது. அநேகமாக அரை நிமிடத்துக்குள் கண் திறந்துவிடுவார். விழுவதுதான் அங்கே வைத்தியம். காரில் அந்த வசதி கிடையாது. இருக்கையும் சீட் பெல்ட்டும் ஆளை நிமிர்த்தியே பிடித்து வைத்திருப்பதால் தெளிய நேரமாகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் மருத்துவர் தீர்க்க வேண்டிய கேள்வி, வந்தது மயக்கம்தானா என்பது. ‘கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, அதற்குமேல் தெரியாது’ என்று சொல்லும் ஓட்டுநர்களில் சிலர் உண்மையில் தூங்கியிருப்பார்கள். ஒரு நொடி, இரண்டு நொடி கண் சொருகும் குட்டித் தூக்கம். தூங்கியதே அவர்களுக்குத் தெரியாது. பின்னிரவிலிருந்து விடியும் வரையும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இது அதிகம். வியர்வை, குமட்டல் எதுவும் இருக்காது. வண்டி குலுங்கியதும் விழித்து உடனே தெளிவாக இருப்பார். இப்படிப்பட்டவரைப் பற்றி மனைவியிடம் கேட்க வேண்டும். கட்டிலே அதிரும் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குவது என்று அவர் சொன்னால், எடுக்க வேண்டியது இரவுத் தூக்கப் பரிசோதனை. இதற்கு முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி இருக்கிறது.

இரண்டாவது, வலிப்பு. இங்கேதான் தவறுகள் அதிகம் நடக்கின்றன. மயங்கியவருக்குக் கை கால் வெட்டி இழுத்தால், பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஃபிட்ஸ்’ என்று முடிவுகட்டி இரும்புச் சாவியைத் தேடுகிறார்கள். 1994இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான தன்னார்வலர்களை வேண்டுமென்றே மயங்கவைத்து வீடியோ எடுத்தார்கள். முழுதாக நினைவிழந்த 42 பேரில் 90 சதவீதம் பேருக்குக் கை கால் துடித்தது. அதாவது, துடிப்பதை மட்டும் வைத்து வலிப்பு என்று சொல்ல முடியாது. நிமிர்ந்த நிலையில் இருக்கையில் மாட்டிக்கொண்டவருக்கு இரத்தம் திரும்ப நேரமாவதால் துடிப்பு இன்னும் பலமாகவே தெரியலாம். உண்மையான வலிப்பில் நாக்கின் பக்கவாட்டில் கடிபட்டிருக்கும். தலையும் கண்ணும் ஒரு பக்கமாகத் திரும்பும். முகம் நீலம் பாரிக்கும். முக்கியமாக, இழுப்பு நின்ற பிறகும் பல நிமிடங்கள் ஆள் குழம்பியிருப்பார், இடம் தெரியாது, ஆள் தெரியாது. மயங்கியவர் வெளுத்து வியர்த்திருப்பார். விழித்ததும் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். இந்த வித்தியாசத்தைச் சொல்லக்கூடியவர் பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஒருவர்தான். அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், வர முடியாவிட்டால் போனிலாவது பேசவையுங்கள். இதயத் துடிப்புக் கோளாறை வலிப்பு என்று எண்ணி வருடக்கணக்கில் ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிட்டவர்கள் உலகம் முழுவதும் உண்டு.

மூன்றாவது, லோ சுகர். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் இதில் அகப்படுவார்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. சர்க்கரை இறங்கும்போது மயக்கம்போல் பொட்டென்று நினைவு போகாது. கை நடுக்கம், வியர்வை, பசி என்று தொடங்கி, பிறகு காரணமில்லாத எரிச்சல், தெரிந்த ஊரில் தப்பான தெருவில் திரும்புவது, ஹாரனை விடாமல் அடிப்பது என்று போகும். சில பிரஷர் மாத்திரைகள் அந்த முதல்கட்ட நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். சம்பவ இடத்திலேயே விரலில் குத்திப் பார்த்த அளவுக்குத்தான் மதிப்பு. டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு எடுத்தால் 150 காட்டும், எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்கு, கிளம்புமுன் சர்க்கரை 90க்குக் குறையாமல் இருக்க வேண்டும், நெடும்பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அறிவுரை. மாலை போட்டு ஒருவேளை உணவோடு சபரிமலைக்கு இரவெல்லாம் வண்டி ஓட்டுகிறவரும், நோன்பு நாளில் மாலை நேரத்தில் வண்டி எடுக்கிறவரும் இன்சுலின் போடுகிறவராக இருந்தால், அளவை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

இந்த மூன்றும் இல்லை, மயக்கம்தான் என்று தெரிந்தால் அடுத்து நோண்ட வேண்டியது, நினைவு போவதற்கு முந்தைய இரண்டு மூன்று நிமிடங்களை. எச்சரிக்கை இருந்ததா? வயிற்றைப் புரட்டி, கொட்டாவி வந்து, உடம்பு சில்லிட்டு வியர்த்து, சத்தமெல்லாம் தூரத்தில் கேட்பதுபோல் ஆகி, பார்வை ஓரங்களில் இருந்து இருண்டுகொண்டு வந்ததா? அப்படியென்றால் கிளாஸ்கோ ஓட்டுநருக்கு வந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விளக்கை அணைத்ததுபோல் போனதா, அல்லது நெஞ்சு படபடவென்று அடித்துவிட்டுப் போனதா? அப்போது இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். தலைசுற்றியது என்று பொதுவாகச் சொன்னால் போதாது. சுற்றியிருப்பவை சுழன்றனவா, கண் இருண்டதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சுழன்றால் பிரச்சினை காதுக்குள்ளும் இருக்கலாம்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மயக்கத்துக்காக வந்த 3,877 பேரை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் 381 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, மயக்கம் வந்தது வண்டி ஓட்டும்போது. அந்த 381 பேரில் 37 சதவீதத்தினருக்கு நரம்புவழி மயக்கம். சுமார் 12 சதவீதத்தினருக்கு இதயத் துடிப்புக் கோளாறு. உட்கார்ந்திருக்கும்போது மயங்கினால் இதயக் கோளாறாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கு இது யோசிக்க வைக்கிற கணக்கு. அதற்காக அந்த 12 சதவீதத்தைப் பின்னுக்குத் தள்ளவும் முடியாது. உயிரை எடுக்கக்கூடியது அதுதான் என்பதால் முதலில் தேடுவதும் அதைத்தான்.

உட்கார்ந்தவருக்கு ஏன் நரம்புவழி மயக்கம் வருகிறது? லாரி கேபினுக்குள் போய்ப் பார்த்தால் புரியும். காலடியில் இன்ஜின் சூடு. காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதால் இரத்தம் கீழே தேங்குகிறது. வழியில் நிறுத்த இடமில்லை என்று தண்ணீரைக் குறைக்கிறார்கள். வந்த சிறுநீரையும் அடக்குகிறார்கள். பிறகு ஒரு வயிற்றுவலி, அல்லது எதிரே ஒரு விபத்தில் இரத்தம் என்று ஏதாவது ஒன்று தூண்டினால் போதும். இரத்தக் குழாய்கள் தளர்ந்து, நாடித்துடிப்பும் குறைந்து, பிரஷர் சரிகிறது. பெண் ஓட்டுநர்களிடம் இரத்தசோகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்தவருக்கு இதெல்லாம் சீக்கிரம் வரும்.

இருமல் மயக்கம் என்று ஒன்று இருக்கிறது. பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சாலை விபத்துகளில் அதற்குத் தனி இடம் உண்டு. பெரும்பாலும் பருத்த உடல்வாகுள்ள, பல வருடம் சிகரெட் பிடித்த நடுவயது ஆண்கள். தொடர்ந்து விடாமல் இருமும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைபடுகிறது. நாலைந்து இருமலில் கண் இருண்டு தலை சாய்கிறது. இருமல் நின்றதும் தெளிந்துவிடும் என்பதால், புரையேறிவிட்டது என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ‘மயங்குவதற்கு முன் இருமினீர்களா?’ என்று கேட்காவிட்டால் எந்தப் பரிசோதனையிலும் இது பிடிபடாது. இதேபோல, கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணரும் இடம் சிலருக்கு மிகக் கூர்மையாக இருக்கும். ரிவர்ஸ் எடுக்கக் கழுத்தைத் திருப்பும்போதோ, சட்டையின் மேல் பொத்தான் இறுக்கும்போதோ துடிப்பு நின்று நின்று போகும். இதுவும் பெரும்பாலும் வயதான ஆண்களுக்குத்தான்.

மாத்திரைப் பட்டியலைக் கேட்காத மருத்துவரிடம் நீங்களாகவே எடுத்து நீட்டுங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், பிரஷர் மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரைகள், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் ஆகிய எல்லாமே இரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியவை. ஓட்டிக்கொண்டே நாக்கடியில் மாத்திரை வைப்பது மிக ஆபத்தான பழக்கம். நெஞ்சுவலி வந்த அந்த நிமிடமே வண்டி ஓரத்தில் நின்றிருக்க வேண்டும். ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் மருந்து இருக்கிறது.

இனி இதயம். வயதானவர்களிடம் அதிகம் காண்பது மின் கடத்தல் தடை. மேலறையிலிருந்து கீழறைக்குப் போக வேண்டிய மின் சமிக்ஞை நின்றுபோய், சில நொடிகள் துடிப்பே இல்லாமல் போகும். முன்பு மாரடைப்பு வந்து தசையில் தழும்பு இருப்பவருக்குக் கீழறை தாறுமாறாக வேகமெடுக்கலாம். இளைஞர்களிடம் பரம்பரையாக வரும் சில கோளாறுகள் உண்டு. அதனால்தான் குடும்பத்தில் 40 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்தார்களா, தண்ணீரில் மூழ்கியோ காரணம் தெரியாத விபத்திலோ போனார்களா என்று கேட்கிறார்கள். பெருந்தமனி வால்வு சுருக்கம், தடித்த இதயத் தசை இரண்டுக்கும் எக்கோ போதும். நாளிதழ்களில் ‘ஓட்டுநருக்கு மாரடைப்பு’ என்று வரும் செய்திகளில் எத்தனை உண்மையில் துடிப்புக் கோளாறு என்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அடைப்பும் துடிப்புக் கோளாறும் வேறு வேறு. ஒன்றுக்கு ஸ்டென்ட் என்றால், மற்றதில் மின் கடத்தல் தடைக்கு பேஸ்மேக்கர்.

ஈ.சி.ஜி. மலிவானது, எந்தச் சிற்றூரிலும் கிடைப்பது. அது நார்மலாக இருந்துவிட்டால் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை. அந்தச் சில நொடிகளில் இல்லை என்றுதான் அர்த்தம். அதற்காக 24 மணி நேரம் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் வைக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மயங்குகிறவருக்கு ஒருநாள் ஹோல்டர் மாட்டுவது, வருடத்துக்கு இரண்டு தடவை வரும் பஸ்ஸுக்காக ஏதோ ஒரு திங்கட்கிழமை மட்டும் போய் நிற்பதைப் போன்றது. அப்படிப்பட்டவர்களுக்கு, நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு பதிவுக் கருவி இருக்கிறது; பேட்டரி வருடக்கணக்கில் தாங்கும், அடுத்த மயக்கம் வரும்போது துடிப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். விலைதான் தடை. நரம்புவழி மயக்கம் என்ற சந்தேகத்தை உறுதிப்படுத்த, ஆளை மேசையில் கட்டி 60 முதல் 70 பாகை சாய்த்து நிமிர்த்தி, பிரஷரையும் துடிப்பையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 40 வயதுக்கு மேற்பட்டவருக்குக் கழுத்துத் தமனியைத் தடவிப் பார்க்கும் சோதனையும் உண்டு. அதை வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. படுத்து எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளி இறங்கினால், அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

அறிகுறி தெரிந்த அந்தக் கணத்தில் என்ன செய்வது? இன்னும் இரண்டு கிலோமீட்டரில் வீடு என்று கணக்குப் போடாதீர்கள். இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் இழுத்து, இருக்கையை முழுதாகச் சாய்த்துப் படுங்கள். கூட இருப்பவர் செய்யும் வழக்கமான தப்பு, மயங்கியவரைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்து வாயில் சோடா ஊற்றுவது. மூளைக்கு இரத்தம் வேண்டிய நேரத்தில் தலையை உயரத்தில் வைக்கிறோம், புரையேறவும் வைக்கிறோம். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் போதும். ஒரு நிமிடத்துக்குள் விழிக்கவில்லை, மூச்சு சரியில்லை, நெஞ்சுவலி என்கிறார் என்றால் 108. தெளிந்த பிறகும் அவரே ஓட்டி வரக் கூடாது.

இந்தியாவில் ஓட்டுநர் உரிமம் கேட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கும் படிவம் 1இல், வலிப்போ, எந்தக் காரணத்தாலோ திடீர் நினைவிழப்போ, தலைசுற்றலோ உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் படிக்காமலே ‘இல்லை’ போட்டுவிடுகிறார்கள். படித்துவிட்டு ‘இல்லை’ போடுகிறவர்களின் பயம் வேறு. முதலாளி வண்டியைப் பிடுங்கிக்கொள்வார், அடுத்த மாதத் தவணை நிற்கும். அந்தப் பயத்தை யாரும் சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பிரிட்டனின் உரிம விதிகளில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. இதயம், இரத்த ஓட்டம் சார்ந்த மயக்கத்தில் காரணம் தெரிந்து சிகிச்சையும் முடிந்தால் கார் ஓட்டுகிறவர் 4 வாரத்திலும், பேருந்து, லாரி ஓட்டுகிறவர் 3 மாதத்திலும் மறுபடி ஓட்டலாம். காரணமே தெரியாவிட்டால் காத்திருப்பு 6 மாதமும் 12 மாதமும். பேஸ்மேக்கர் வைத்தவர் ஒரு வாரத்தில் காரையும், 6 வாரத்தில் லாரியையும் எடுக்கலாம்.